தவறான விடைக்குத் தண்டனைப் புள்ளி

கற்றவரின் அறிவை அளக்கவே தேர்வு ஏற்பட்டது. ஆனால், அளக்கும் கோல் கோணினால் அளவும் கோணுமன்றோ? தவறான விடைக்குப் புள்ளி கழிக்கும் முறையின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும்.

அமெரிக்க நாட்டின் கான்சாஸ் மாநிலத்தில், 1914-ஆம் ஆண்டையொட்டி, பிரடெரிக் கெல்லி என்னும் கல்வியாளர் புதியதொரு வாசிப்புச் சோதனையை அமைத்தார். மாணவர் விடையை எழுத வேண்டுவதில்லை. கொடுக்கப்பட்டவற்றுள் சரியானதைக் குறித்தால் போதும். முதல் உலகப் போரில் இத்தகைய சோதனைகளால் ஏறத்தாழ 17 இலட்சம் படையினர் சோதிக்கப்பட்டனர். 1926-இல் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வு தொடங்கிற்று.

இம்முறையில் திருத்துவோரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. எனினும் ஒரு குறை உண்டு. ஐந்து விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக் குறிப்பவருக்கும் ஐந்து வினாக்களுக்கு ஒன்று வீதம் தற்செயலாகச் சரியாகிவிடும்.

இக்குறையைப் போக்கவே கழிவு முறை வந்தது. 100 வினாக்களில் 60-ஐ அறிந்த மாணவர், எஞ்சிய 40-க்கும் மனம்போனபடி விடை குறித்தால் சராசரியாக 8 சரியாகும், 32 தவறாகும். தவறு ஒன்றுக்குக் கால் புள்ளி கழிப்பின் 68 மீண்டும் 60 ஆகிவிடும். கணக்கு நேர்மையானதே.

ஆயின், அறிவுக்கும் அறியாமைக்கும் இடையே அரைகுறை அறிவு என ஒன்றுண்டு. அந்த 40 வினாக்களிலும் மும்மூன்று விடைகள் பொருந்தா என ஒதுக்கத் தெரிந்த இருவரைக் கொள்வோம். துணிந்தவர் எஞ்சிய இரண்டுள் ஒன்றைக் குறிக்கிறார். 20 சரி, 20 தவறு. கழிவு போக 75 புள்ளி பெறுகிறார். தண்டனைக்கு அஞ்சியவரோ வெற்றிடமாக விட்டு 60 புள்ளியோடு நிற்கிறார். இருவர் அறிவும் ஒன்றே; வேறுபட்டது துணிவு மட்டுமே.

இது வெறுங்கற்பனையன்று. அமெரிக்கப் பொருளியலாளர் கேத்தரின் பால்டிகா 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கழிவு உள்ளபோது பெண்கள் ஆண்களைவிட மிகுதியான வினாக்களை விடையளிக்காது விட்டனர். கழிவை நீக்கியதும் யாரும் எதையும் விடவில்லை. சிலி நாடு தன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில், 2015-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல், கழிவைக் கைவிட்டது. அதன்பின் வினாக்களை விடுவதில் இருபாலாரிடையே இருந்த வேற்றுமை பெரிதும் குறைந்தது. எஸ்.ஏ.டி. தேர்வும் 2016-இல் கழிவை நீக்கிற்று.

எல்லா நாடுகளும் இவ்வழி செல்லவில்லை. இந்திய ஆட்சிப்பணிக்கான முதல்நிலைத் தேர்வில், தவறான விடைக்கு அவ்வினாவின் புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு இன்றும் கழிக்கப்படுகிறது. கழிவின்றேல் குருட்டு ஊகம் பெருகும் என்பார் கூற்றிலும் உண்மை உண்டு.

ஆதலின் ஆசிரியர் கடன் ஒன்றுண்டு. பாடத்தைப் போதிப்பதோடு, தேர்வின் விதியையும் மாணவருக்கு விளக்குதல் வேண்டும். கழிவில்லாத தேர்வில் எவ்வினாவையும் விடுதல் நட்டமே. கழிவு உள்ள தேர்விலோ, பொருந்தா விடை ஒன்றையேனும் ஒதுக்க முடிந்தால் துணிவதே நலம். அச்சத்தினால் இழக்கும் புள்ளி அறியாமையின் அளவாகாது.