தேதி போடாத டிக்கெட்

காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவே, செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய சிவன் கோயில் உள்ள ஊர். அங்கே நண்பர் ஒருவரின் வீட்டில், அவருடைய அப்பா வளைகுடாவுக்குப் போன காலத்து விமான டிக்கெட்டைப் பார்த்தேன். சின்னப் புத்தகம் மாதிரி, சிவப்பு கார்பன் அப்பிய தாள்கள். திரும்பும் தேதிக்கான கட்டத்தில் ஒரே வார்த்தைதான்: ‘ஓப்பன்’!

“பாட்டிக்கு உடம்பு முடியலைன்னு தந்தி வந்த வாரமே அப்பா வந்துட்டார் சார்” என்றார் நண்பர்.

அன்றைக்கு முழுக் கட்டண டிக்கெட் என்றால் அப்படித்தான். ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பறக்கலாம். பறக்கவில்லையா, பணம் வாபஸ். இதை யாரும் சலுகையாக நினைக்கவில்லை.

இந்தச் சுதந்திரத்துக்குத் தனி விலை வந்தது எப்படி? 1977-ல் ‘அமெரிக்கன் ஏர்லைன்ஸ்’ கம்பெனி, ‘சூப்பர் சேவர்’ என்ற மலிவு டிக்கெட்டை அறிமுகப்படுத்தியது. ஆனால், பல நாள் முன்பே வாங்கிவிட வேண்டும். 1985-ல், ‘பீப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்ற மலிவு விலைப் போட்டியாளரைச் சமாளிக்க இன்னும் மலிவாக ஒன்று. அதை ரத்து செய்தால் அபராதம்! கணக்கு இதுதான்: சுற்றுலாப் பயணி முன்கூட்டியே திட்டமிடுவார், விலை பார்ப்பார். பிசினஸ் ஆசாமி கடைசி நிமிஷத்தில் கிளம்புவார். கம்பெனி காசு, விலை பார்க்கமாட்டார். பக்கத்துப் பக்கத்து சீட், இரண்டு விலை. மனசு மாறுவதற்கும் ரேட்!

நம் நாட்டில் 2003-ல் ஏர் டெக்கான் வந்து மலிவுப் பயணத்தைப் பரப்பியது. 2008-ல் காகித டிக்கெட்டும் போயே போச்சு.

அப்புறம் வந்தது 2020 மார்ச். ஊரடங்கு. விமானங்கள் நின்றன, பணமும் நின்றது. ‘கணக்கில் வைத்திருக்கிறோம், பிறகு பறந்துகொள்ளுங்கள்’ என்றார்கள். ஏஜென்ட்டிடம் வாங்கியவர்கள் பாடு இன்னும் பாவம். யாரிடம் போய்க் கேட்பது? இத்தனைக்கும், ஏஜென்ட் விமான கம்பெனியின் பிரதிநிதிதான், பணத்தைத் திருப்பும் பொறுப்பு கம்பெனிக்கே என்று 2016-லேயே விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி போட்டிருந்தது.

‘பிரவாசி லீகல் செல்’ என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2020 அக்டோபர் 1-ல் தீர்ப்பு. ஊரடங்கின்போது, ஊரடங்கு நாட்களுக்கே புக் செய்தவர்களுக்கு முழுப் பணமும் உடனே. ஏஜென்ட் மூலம் என்றால் கம்பெனி அவரிடம் தரவேண்டும். அவர் தாமதிக்காமல் பயணியிடம் தரவேண்டும். முன்பே வாங்கியவர்களுக்கு 15 நாளில் பணம். கம்பெனி நெருக்கடியில் இருந்தால், 2021 மார்ச் வரை செல்லும் வரவுச் சீட்டு. அதை அடுத்தவர் பெயருக்கும் மாற்றலாம்.

அடுத்த முறை ஏஜென்ட் “ரீஃபண்டபிள் சார்” என்று சொன்னால், “எவ்வளவு பிடிப்பீங்க?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி பிடிப்பது தனி, அவருடைய சர்வீஸ் சார்ஜ் தனி.