மலபார்ச் சுவடிகளும் புதிய ஏற்பாட்டின் மூலபாடமும்

ஊரப்பாக்கம் முதல் தாம்பரம் வரையிலுள்ள புறநகர்ச் சபைகள் ஒன்றில், 1871ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருக்கும் ஒருவரும், 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தை வைத்திருக்கும் ஒருவரும் அருகருகே அமர்ந்து யோவானின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தை வாசிப்பதாகக் கொள்வோம். பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய கூற்று முன்னவரின் நூலில் ஏழாம் வசனமாக நிற்கும். பின்னவரின் நூலில் அது இராது. இதை நீக்கியவர் யார் என்று ஆயரிடம் கேட்பார்கள். எவரும் நீக்கவில்லை, முற்காலத்தில் எவரோ சேர்த்தார் என்று ஆயர் விடையிறுத்தால், அடுத்து எழும் வினா முன்னதினும் கடுமையானது: அவ்வாறாயின் எஞ்சியவற்றை எங்ஙனம் நம்புவது? இவ்விரண்டாம் வினாவே ஈண்டு நாம் ஆராயத்தக்கது. இதற்கு விடை தேடுமுன் எகிப்தின் மணலுக்கோ சீனாய் மலைக்கோ செல்ல வேண்டுவதில்லை. தென்னிந்தியக் கிறிஸ்தவ வரலாற்றிலேயே இதற்குரிய சான்று உண்டு.

ஊரப்பாக்கத்தில் ஏறிச் சென்னைக் கடற்கரைக்குச் செல்வோர் வழியில் பரங்கிமலையைக் காண்பர். அம்மலைமேலுள்ள ஆலயத்தில், 1547இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவை இருக்கிறது. அதைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருப்பது பாரசீக நாட்டின் பஹலவி மொழி. இதே வாசகம் கோட்டயம் வலியபள்ளிச் சிலுவையிலும் காணப்படுகிறது. இந்நாட்டின் பழைய கிறிஸ்தவர்கள் பாரசீகத் திருச்சபையோடு கொண்டிருந்த உறவுக்கு இக்கற்கள் சாட்சி. அவர்களது வழிபாட்டு மொழி சுரியானி. அவர்கள் படியெடுத்துப் போற்றிய திருமறை, பெஷித்தா எனப்படும் பழைய சுரியானி மொழிபெயர்ப்பு. இந்தியாவில் எழுதப்பட்டு இன்றும் எஞ்சியுள்ள சுரியானிச் சுவடிகளுள் மிகப் பழையது 1301இல் கொடுங்கல்லூரில் எழுதப்பெற்றது. பவுலின் நிருபங்களிலிருந்து ஆலயத்தில் வாசிக்கும் பகுதிகளைக் கொண்ட அச்சுவடி இப்பொழுது வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. அதை எழுதிய சகரியா என்னும் உதவிக்குருவுக்கு அப்பொழுது வயது பதினான்கு. ஒரு சிறுவனை நம்பி இப்பணியை ஒப்படைத்த சபையில் படியெடுக்கும் பயிற்சி எத்துணை வேரூன்றியிருந்தது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1599 ஜூன் மாதத்தில் கோவாவின் பேராயர் அலெய்சோ டி மெனெசஸ் உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். அச்சங்கத்தின் தீர்மானங்களுள் திருமறைச் சுவடிகளைப் பற்றியவை நம் கவனத்துக்குரியன. மலபார்ச் சுவடிகளில் பேதுருவின் இரண்டாம் நிருபம், யோவானின் இரண்டாம் மூன்றாம் நிருபங்கள், யூதா, வெளிப்படுத்தல் ஆகியவை இல்லை என்றும், யோவான் எட்டாம் அதிகாரத் தொடக்கத்தில் விபசாரத்திற் பிடிபட்ட பெண்ணின் வரலாறு இல்லை என்றும், முதலாம் நிருபத்தில் பரலோகச் சாட்சிகளைப் பற்றிய சொற்கள் இல்லை என்றும் சங்கம் கண்டது. இவை குறைகள் எனத் தீர்ப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்த்தெழுதுமாறு பணித்தது. வேறு நூல்கள் பல நெருப்புக்கு இரையாயின.

மெனெசஸின்மேல் எல்லாப் பழியையும் சுமத்துவது வரலாற்று நேர்மையாகாது. 1546இல் திரெந்துச் சங்கம் இலத்தீன் வுல்காத்தாவை அதிகாரபூர்வமான பாடமென அறிவித்திருந்தது. தம் கையிலிருந்த நூலை அளவுகோலாகக் கொண்டு அவர் பிறர் நூலை அளந்தார். அதில் இருப்பது இங்கே இல்லையெனில் இங்கே குறை என்று முடிவு செய்தார். (1871ஆம் ஆண்டின் தமிழ் நூலைக் கையில் ஏந்தி மற்ற மொழிபெயர்ப்புகளை நாம் அளக்கும் முறையும் இதுவே என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.) அவர் சற்றே விசாரித்திருந்தால் ஐரோப்பாவிலேயே ஒரு மாற்றுச் சான்று கிடைத்திருக்கும். 1555இல் விட்மன்ஸ்டெட்டர் என்பார் வியன்னாவில் சுரியானிப் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக அச்சிட்டார். மலபாரில் இல்லாத அப்பகுதிகள் அந்நூலிலும் இல்லை.

ஆகவே மலபார்ப் படியெடுப்போர் எதையும் விட்டுவிடவில்லை. தாம் பெற்றதை அப்படியே ஒப்புவித்தார்கள். ஆயினும் பெஷித்தாவே குறையுடையதாக இருந்திருக்கக் கூடாதா? ஐந்து நூல்களைப் பொறுத்தவரை, அது சுரியானித் திருச்சபை அவற்றைத் திருமறைத் தொகுதியில் ஏற்றுக்கொண்ட கால அளவைப் பற்றியது, மூலபாடத்தைப் பற்றியதன்று. மற்ற இரு பகுதிகளைக் குறித்து மேற்கே கிரேக்கப் படிகள் வெளிப்பட்டபோது விடை கிடைத்தது. நான்காம் நூற்றாண்டின் சீனாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் அப்பெண்ணின் வரலாறு இல்லை. இருபதாம் நூற்றாண்டில் வெளியிடப்பட்ட 66ஆம், 75ஆம் எண் பாப்பிரஸ் ஏடுகளிலும் இல்லை. பரலோகச் சாட்சிகளின் நிலை இன்னும் தெளிவானது. அந்நிருபத்தைக் கொண்ட கிரேக்கப் படிகள் ஏறக்குறைய 500. அச்சொற்கள் காணப்படுவன சுமார் பத்து. அவற்றிலும் சிலவற்றில் பிற்காலத்தவர் விளிம்பில் எழுதியவை. அச்சொற்களின் பிறப்பிடம் இலத்தீன் மரபு. எராஸ்மஸ் தம் கிரேக்கப் பதிப்புகளில் 1516இலும் 1519இலும் அவற்றைச் சேர்க்கவில்லை, 1522இல் சேர்த்தார். அங்கிருந்தே அவை சீர்திருத்தச் சபைகளின் மொழிபெயர்ப்புகளுக்குப் பரவின.

1806இல் மலபாருக்கு வந்த கிளாடியஸ் புக்கானனுக்கு, மார் திவன்னாசியோஸ் பேராயர் ஒரு சுரியானித் திருமறைச் சுவடியை அளித்தார். அது சபையில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக இருந்துவருகிறது என்பது அவரிடம் சொல்லப்பட்ட செய்தி. இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள அச்சுவடி பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் கணித்துள்ளனர். மரபுரையை எழுத்தின் சான்று திருத்துவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. தாம் கண்ட சுரியானிப் படிகள் எதிலும் அவ்வசனம் இல்லை என்று புக்கானன் தம் நூலில் பதிவு செய்தார். வசனம் உண்மையானதே என்பது அவரது சொந்தக் கருத்து. தம் கருத்துக்கு மாறான சான்றை மறையாது எழுதிய அந்நேர்மை போற்றத்தக்கது.

இனி, நம்பகத்தன்மை என்னும் வினாவுக்கு வருவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கப் படிகள் 5,000க்கு மேற்பட்டவை என்று பிரசங்கங்களில் பெருமையாகச் சொல்லப்படுகிறது. எண் மெய்யே, ஆயினும் அவற்றுள் மிகப்பெரும்பாலானவை ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை. ஒரே பிழையைப் பார்த்தெழுதிய நூறு படிகள் ஒரே சாட்சிக்குச் சமம். மான்செஸ்டரிலுள்ள யோவான் நற்செய்தித் துணுக்கை இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியதென்று உறுதியாகக் கூறுவதும் இன்று இயலாது; எழுத்தமைதியைக் கொண்டு அத்துணை நுட்பமாகக் காலம் குறித்தல் தகாது என்று அண்மைக்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். உண்மையான வலிமை வேறிடத்தில் உள்ளது. எகிப்தின் பாப்பிரஸ் ஏடும் மலபாரின் சுரியானிச் சுவடியும் ஒன்றையொன்று கண்டதில்லை. மொழி வேறு, நாடு வேறு, எழுதியவரின் திருச்சபை வேறு. அவ்விரண்டும் ஒரே இடத்தில் ஒரே பகுதியின்றி இருப்பது தற்செயலன்று. இவ்வாறு தனித்து நிற்கும் சாட்சிகள் இருப்பதனாலேயே இடைச்செருகல் எதுவென்று நம்மால் காண முடிகிறது. சேர்க்கையைக் காட்டிக்கொடுக்கும் அதே சான்று, சேர்க்கையல்லாத பெரும்பகுதி பழமையானது என்பதையும் காட்டுகிறது. தமிழறிந்தார்க்கு இது புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கியது இம்முறையிலேயே. பாடபேதம் மிகுந்த நூலென்று சிந்தாமணியை எவரும் ஒதுக்கவில்லை.

சுவடிகள் நிறுவக்கூடியது எழுதப்பட்டது யாது என்பதை மட்டுமே. எழுதப்பட்டது மெய்யா என்பது வேறு வினா. அவ்விரண்டையும் குழப்புகிறவர் ஐயமுற்ற இளைஞருக்கு உதவமாட்டார்.

நம் ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் நிறைவுற்றது. ஆங்கிலத் திருத்திய புதிய ஏற்பாடு அவ்வசனத்தை நீக்கியது 1881இல். பத்தாண்டு இடைவெளியில் தமிழ் நூல் பழைய பாடத்தோடு சபையின் நெஞ்சில் பதிந்துவிட்டது. பின்னர் வந்த திருத்தங்கள் அதை வழிபாட்டிலிருந்து பெயர்க்க இயலவில்லை. அவ்வசனம் இன்றியும் திரித்துவக் கோட்பாடு நிற்கும்: ஆரியுவோடு வழக்காடிய கிரேக்கப் பிதாக்கள் அதை எடுத்துக்காட்டியதே இல்லை. அப்பெண்ணின் வரலாற்றைக் குறித்து இன்னும் நிதானம் தேவை. அது யோவானின் நூலில் முதலில் இருந்ததன்று. ஆயினும் சபையில் வழங்கிய தொன்மையான மரபாக இருத்தல் கூடும் என்று பலர் கருதுகின்றனர். ஐந்தாம் நூற்றாண்டின் பேசாப் படியில் அது இருக்கிறது. அதன்மேல் பிரசங்கிக்கும் ஆயர், பகுதியின் நிலையை இரண்டொரு சொற்களில் முன்னரே கூறிவிட்டுப் பின் பிரசங்கிப்பதில் தடையேதுமில்லை.