கத்தார் வென்ற கதையும் பந்தயக்காரர் கணக்கும்

வலியவனை எளியவன் வெல்லக் காண்பதில் மக்களுக்கு எக்காலத்தும் மகிழ்ச்சி உண்டு. அம்மகிழ்ச்சியைப் பணமாக்கிக்கொள்ள எண்ணுவோரும் உண்டு. எளிய குழுவின்மீது பந்தயம் கட்டினால் சிறுதொகைக்குப் பெருந்தொகை கிடைக்கும் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்று ஆராய்வதற்கு, 1981ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற உலக இளையோர் காற்பந்துப் போட்டி நல்லதொரு சான்றாகும்.

எதிர்பாராத வெற்றி

இளையோர்க்கான உலகப் போட்டி 1977இல் துனிசியாவில் தொடங்கிற்று. ஆஸ்திரேலியாவில் நடந்தது மூன்றாவது போட்டி. அதில் கலந்துகொண்ட 16 நாடுகளுள் கத்தாரும் ஒன்று. அந்நாடு முழு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. அதன் மக்கள்தொகையோ மூன்று இலட்சத்திற்கும் குறைவு. பிரேசிலும் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் ஆடும் களத்தில் கத்தாரை யார் பொருட்படுத்துவர்?

முதல் சுற்றில் கத்தார் போலந்தை 1-0 எனத் தோற்கடித்தது. அமெரிக்காவுடன் 1-1 எனச் சமநிலை கண்டது. உருகுவேயிடம் 0-1 எனத் தோற்றது. ஆயினும் காலிறுதிக்குத் தகுதி பெற்றது. அங்கே எதிர்நின்றது பிரேசில். காலித் சல்மான் என்னும் இளைஞர் தனியொருவராக மூன்று கோல்கள் போட, கத்தார் 3-2 என வென்றது. அரையிறுதியில் இங்கிலாந்தும் 1-2 என வீழ்ந்தது. இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனி 4-0 என வாகை சூடிற்று என்றாலும், உலகம் வியந்து பேசியது கத்தாரைப் பற்றியே.

வியப்பின் பின்னணி

இவ்வெற்றி வானத்திலிருந்து விழுந்ததன்று. கத்தார் இளைஞரைப் பயிற்றுவித்தவர் பிரேசில் நாட்டவரான எவரிஸ்டோ. பார்சிலோனா, ரியல் மாட்ரிட் ஆகிய இரு பெருங்கழகங்களிலும் ஆடியவர் அவர். தம் தாய்நாட்டு ஆட்டத்தின் நுட்பங்களை அறிந்த அவரே தம் தாய்நாட்டு இளைஞரை வெல்லும் குழுவை உருவாக்கினார்.

மேலும், உலகப் போட்டிக்கு முன்னர் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தென் கொரியாவுக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்ற குழு கத்தார். அந்த ஆசியப் போட்டி 1959இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டதாகும். துங்கு அப்துல் ரஹ்மான் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய காலம் அது. ஆசியப் போட்டியைக் கூர்ந்து நோக்கியவர்க்குக் கத்தார் அத்துணை எளிய குழுவாகத் தோன்றியிராது. எளியது என்று நாம் சொல்வது பல வேளைகளில் நாம் அறியாதது என்பதன் மறுபெயரேயாகும். இளையோர் ஆட்டத்தில் இந்த அறியாமை மிகுதி. வளரும் பருவத்தினரின் ஆற்றல் சில மாதங்களிலேயே மாறிவிடும். அவர்கள் ஆடியதைக் கண்டவரும் சிலரே.

கணக்கு சொல்வதென்ன?

அப்படியாயின் எளிய குழுவின்மீது பணம் கட்டுவது அறிவுடைமை ஆகாதோ? ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். பந்தயத் தரகர் ஒருவர் 10 வெள்ளிக்கு, வலிய குழு வென்றால் 14 வெள்ளியும், சமநிலையானால் 45 வெள்ளியும், எளிய குழு வென்றால் 70 வெள்ளியும் தருவதாகச் சொல்கிறார். கட்டிய பணமும் இத்தொகைகளுள் அடக்கம். இவ்விகிதங்களை வாய்ப்புகளாக மாற்றினால் முறையே 71, 22, 14 விழுக்காடு வரும். உதிரிப் பின்னங்களையும் சேர்த்துக் கூட்டினால் ஏறக்குறைய 108. நூற்றுக்கு மேற்பட்ட அந்த எட்டில்தான் தரகரின் ஆதாயம் ஒளிந்திருக்கிறது.

எளிய குழு ஏழு ஆட்டங்களில் ஒன்றை வென்றால்தான் கட்டியவருக்கு முதல் தேறும். உண்மையில் அது பத்தில் ஒன்றையே வெல்லுமாயின், 100 ஆட்டங்களுக்கு 1,000 வெள்ளி கட்டியவர் 700 வெள்ளியே திரும்பப் பெறுவார். இடையிடையே கிடைக்கும் 70 வெள்ளி நினைவில் நிற்கும். சிறுகச் சிறுகப் போன 300 வெள்ளி நினைவில் நில்லாது. அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களை ஆராய்ந்த உளவியல் அறிஞர் கிரிஃபித், வெல்லும் வாய்ப்புக் குறைந்த குதிரைகளுக்கு மக்கள் தகுதிக்கு மீறிய மதிப்பளிக்கின்றனர் என்பதை 1949இலேயே எடுத்துக்காட்டினார்.

கத்தார் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் அதன்மீது கட்டியவர் மூன்றில் வென்றிருப்பார். ஆனால் போட்டி தொடங்குமுன் 16 நாடுகளுள் கத்தாரையே தேர்ந்துகொள்ளச் சொன்னது யார்? 1983இல் மெக்சிகோவில் நடந்த அடுத்த போட்டியில் அரையிறுதி வரை சென்று வியப்பளித்தது தென் கொரியா. கத்தார் அதில் இடம்பெறவே இல்லை. மீண்டும் அது உலக இளையோர் போட்டியில் ஆடியது 1995இல், போட்டியை நடத்தும் நாடாக.

இளைஞர்க்கு நேரும் தீங்கு

பந்தயத்தில் இழப்பது பணம் மட்டுமாயின் அது கட்டியவரோடு போகும். ஆனால் பந்தயம் பெருகுமிடத்தில் ஆட்டத்தையே விலைபேசுவோரும் வந்துசேர்வர். மலேசிய லீக் ஆட்டங்களில் 1994இல் இத்தகைய ஊழல் வெளிப்பட்டு ஆட்டக்காரர் பலர் தடைசெய்யப்பட்டதை இந்நாட்டார் அறிவர். முதிர்ந்த ஆட்டக்காரர்க்கே இக்கதி எனில், வருவாயும் உலக அறிவும் குறைந்த இளைஞரின் நிலை என்னாகும்? வலிய குழுவின் இளைஞன் ஒருவன் விலைபோனால் எளிய குழு வெல்லும். அவ்வெற்றியில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நேர்மையாக வென்ற எளியவர்மீதும் பிறகு ஐயம் படியும்.

சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதில் தோல்வியைவிட வெற்றியையே முதலில் அஞ்சச் சொன்னார். கத்தார் இளைஞரின் வெற்றி பயிற்சியால் விளைந்தது. அதைக் கண்டு மகிழ எவரும் பணம் கட்டவேண்டியதில்லை. எளியவர் வெல்லக்கூடும் என்று நம்புவோர், தம் ஊர்த் திடலில் ஆடும் இளைஞர்க்கு ஒரு பந்தும் நல்லதொரு பயிற்றுநரும் கிடைக்கச் செய்வார்களாயின், அதுவே அந்நம்பிக்கைக்கு ஏற்ற முதலீடாகும்.