அண்ணன் வழி, அம்மா வழி

பெரம்பலூர் பக்கத்து வாலிகண்டபுரத்தில் ஒரு பிள்ளை கேமரா வாங்கிவிட்டால், அவன் எடுத்த படத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஊர் கேட்பது, "யாரு வீட்டுப் பையன்?" காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், வீடு குடிபோவது என்று எந்த வேலையும் சொந்தக்காரர் வாய்வழியாகவே வருகிறது. பெரம்பலூரில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கச் சேரவும் ஒரு மாமாவோ பங்காளியோ சொல்லிவிட வேண்டும். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. தெரிந்த பையன் என்பதால்தான் மணப்பெண்ணின் அறை வரை அவனை விடுகிறார்கள். முன்பின் தெரியாதவனுக்கு மேடைக்குக் கீழே நிற்கத்தான் இடம்.

ஆனால் பழக்கம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. வேலை வாங்கித் தரும் பழக்கம் ஒன்று; படம் எடுக்க விடும் பழக்கம் இன்னொன்று. புகைப்படக்காரர்கள் இருவரை, ரகு ராயையும் மதுரைக்காரரான எம். பழனி குமாரையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

ரகு ராய் 1942-ல், இன்று பாகிஸ்தானில் உள்ள ஜங் என்ற ஊரில் பிறந்தவர். படித்தது சிவில் இன்ஜினியரிங். அதில் மனம் ஒட்டாமல், அறுபதுகளில் டெல்லியில் இருந்த அண்ணன் எஸ். பாலிடம் வந்து சேர்ந்தார். பால் அப்போதே பெயர் பெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர். அண்ணனின் நண்பர் ஒருவரோடு ஒரு கிராமத்துக்குப் போன ரகு ராய், அங்கே ஒரு கழுதைக் குட்டியைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்தார். அண்ணன் அதை லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு அனுப்பினார். அரைப் பக்கத்துக்கு அச்சாகி வந்தது. 1966-ல் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் வேலை. 1971-ல் பாரிஸில் அவருடைய படங்களைக் கண்ட பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரேசோன், பின்னாளில் அவரை மேக்னம் புகைப்படக் குழுமத்துக்கு முன்மொழிந்தார்; 1977-ல் ரகு ராய் அதில் சேர்ந்தார்.

கழுதைக் குட்டியின் பின்னால் ஓடியது ரகு ராயின் கால்கள்தான். அதில் அண்ணனுக்குப் பங்கில்லை. ஆனால் எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது, எப்படி அனுப்புவது என்பது தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார். அவர் இல்லாதிருந்தால் அந்தப் படம் ஒரு பெட்டிக்குள் கிடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதே காலத்தில் நம் ஊர்ப்பக்கம் எத்தனை நல்ல படங்கள் அப்படிப் பெட்டிக்குள்ளேயே பூத்துப்போயினவோ!

பழனி குமாருக்கு அப்படி ஓர் அண்ணன் வாய்க்கவில்லை. மதுரையில் மீன் விற்ற அம்மாவின் பிள்ளை அவர். பத்திரிகை அலுவலகத்திலோ சினிமாவிலோ பேர் சொல்ல ஆளில்லாத இடத்திலிருந்து புறப்பட்டவர். திவ்யபாரதி இயக்கி 2017-ல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மலக்குழிச் சாவுகள், அந்த வீடுகளில் எஞ்சி நிற்கும் பெண்கள், பிள்ளைகள் என்று அவருடைய கேமரா அங்கிருந்து விலகிவிடவில்லை. ராமநாதபுரம் பாரதிநகரில் கடல்பாசி எடுக்க மூழ்கும் பெண்களோடு கடலுக்குள் போய் எடுத்த படங்கள் 2019-ல், பி. சாய்நாத் தொடங்கிய 'பாரி' இணைய இதழில் வந்தன. அம்மாவையும் மீன் சந்தையையும் எடுத்திருக்கிறார்.

கடல்பாசி எடுக்கும் அந்தப் பெண்கள் கேமராவைப் பார்த்து முகம் சுளிக்காமல், போஸ் கொடுக்காமல், தங்கள் வேலையில் இருக்கிறார்கள். மூட்டையின் கனம் தோளில் எங்கே உட்காரும் என்று அறிந்த ஒருவரின் படம் அது. மீன் கூடையோடு அலைந்த அம்மாவிடமிருந்து கிடைத்த அறிவு என்று அதைச் சொல்வேன். எந்தப் பெரிய இடத்துச் சிபாரிசும் இந்த அனுமதியை வாங்கித் தராது.

அப்படியானால் பழனி குமாரின் வழிதான் உயர்ந்தது, அண்ணன் வழி சலுகை என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அது அவசரம். பழனி குமாருக்கும் வெளியே ஒரு கை வேண்டியிருந்தது. அந்தக் கை சொந்தக்காரருடையதாக இல்லை, அவ்வளவுதான். பாரி நிதிநல்கை கொடுத்தது, பிறகு வேலையும் கொடுத்தது. 2022-ல் ஹாசல்பிளாட் விருது பெற்ற புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் 2 லட்சம் ரூபாயில் ஓர் ஆவணப் புகைப்பட விருதை ஏற்படுத்தினார். அதன் முதல் விருது பழனி குமாருக்கு.

தயானிதாவின் தொடக்கமும் இங்கே நினைக்கத் தக்கது. எண்பதுகளில் மாணவியாக ஒரு கச்சேரியில் படம் எடுக்கப் போனபோது அமைப்பாளர் தள்ளிவிட, கீழே விழுந்தார். பிறகு அந்தக் கச்சேரியின் தபலாக் கலைஞர் ஜாகிர் உசேன் தன்னோடு பயணம் செய்து படம் எடுக்க அவரை அனுமதித்தார். 1986-ல் வந்த தயானிதாவின் முதல் புத்தகமே ஜாகிர் உசேனைப் பற்றியது. முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த இடம், பல ஆண்டுகள் கழித்து மதுரைப் பையன் ஒருவருக்கு விருதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நம் ஊர்களில் சொந்தத்தின் கை சாதியைத் தாண்டி நீள்வதில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. "யாரு வீட்டுப் பையன்?" என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லாத பையனுக்கு ஊர்த்தெருக் கல்யாணம் கிடைக்காது, காலனி வீட்டு விசேஷத்தோடு அவன் தொழில் நின்றுவிடும். பெண்பிள்ளை என்றால் அதற்கும் வழியில்லை. ரகு ராயின் கதையை மட்டும் சொல்லி, "ஆளைப் பிடி, பழகிக்கொள்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் இந்தச் சுவரைப் பார்ப்பதில்லை.

வாலிகண்டபுரத்துக்கு வெளியூரிலிருந்து படம் எடுக்க வருபவர்கள் வாலீஸ்வரர் கோயில் தூண்களை எடுப்பார்கள், ரஞ்சன்குடி கோட்டையை எடுப்பார்கள், நெடுஞ்சாலையைப் பிடித்துப் போய்விடுவார்கள். சின்ன வெங்காயம் அறுக்கும் பெண்களும், மக்காச்சோளக் கதிர் ஒடிக்கும் பெண்களும், பருத்திக் காட்டில் குனிந்து நிற்பவர்களும் அந்தப் படங்களில் இல்லை. அவர்களை அத்தை, பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே வரப்பில் இறங்கக்கூடிய பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள். படம் எடுக்க விடும் பழக்கம் அவர்களிடம் நிறைய இருக்கிறது. இல்லாதது, எடுத்ததை எங்கே அனுப்புவது என்று சொல்லும் எஸ். பால் ஒருவர்தான்.

பழனி குமார் இப்போது தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா கற்றுத் தருகிறார். அவர்கள் எடுத்த படங்கள் கண்காட்சிக்கு வருகின்றன. பெரம்பலூர், அரியலூர் அரசுப் பள்ளிகளிலும் அப்படி ஒரு பட்டறை நடக்க வேண்டும். அதற்கு முன்னதாகவே, இங்குள்ள ஸ்டுடியோக்காரர் எவரும் தன் தெருவைச் சேராத ஒரு பிள்ளையை இந்த முகூர்த்த சீசனில் லைட் பிடிக்கச் சேர்த்துக்கொள்ளலாம்.