சுவரில் செதுக்கியதும் கோப்பில் எழுதியதும்

1869 மே 10 அன்று யூட்டாவின் பிராமண்டரி உச்சியில், கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் ஒன்று சேர்ந்தன. அன்று ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த புகைப்படம் அமெரிக்க வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று. இரண்டு எஞ்சின்கள் எதிரெதிரே நிற்கின்றன. நடுவில் இருவர் கைகுலுக்குகிறார்கள். எஞ்சின் மேல் ஏறியவர்கள் பாட்டிலை நீட்டுகிறார்கள். மேற்கிலிருந்து பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் தொழிலாளர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் சீனர்கள். படத்தில் அவர்கள் முகம் தேடினாலும் கிடைப்பது அரிது. சியரா நெவாடா மலையின் கருங்கல்லைக் குடைந்து சுரங்கம் வெட்டியவர்கள் அவர்கள்தாம். 1867 ஜூனில், வெள்ளையருக்குத் தரும் கூலியைத் தங்களுக்கும் தரக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி மலைக்கு உணவு போவதைத் தடுத்தது. ஒரு வாரம் போல நீடித்து வேலைநிறுத்தம் முடிந்துபோனது. இவ்வளவும் நமக்குத் தெரிவது முதலாளிகளின் கடிதங்களிலிருந்தும் அந்தக் காலப் பத்திரிகைகளிலிருந்தும்தான். சம்பளப் பட்டியலில்கூடப் பெரும்பாலும் கங்காணியின் பெயர்தான் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களில் ஒருவர் தம் கையால் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை.

வரலாறு ஒரு துறை, இலக்கியம் இன்னொன்று, சினிமா வெறும் பொழுதுபோக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டு இவர்களின் கடந்த காலத்தை எழுத முடியாது என்பதற்கு இந்த வெறுமை ஒரு காரணம். எஞ்சியிருப்பதை எழுதி வைத்தவர்கள் யார் என்பது அதைவிடப் பெரிய காரணம். 1882-இல் வந்த சட்டம் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது. வணிகர், மாணவர் போன்ற சிலருக்கும் குடிமக்களின் பிள்ளைகளுக்கும் மட்டுமே வழி இருந்தது. 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்தபோது பிறப்புப் பதிவேடுகளும் எரிந்தன. அதன்பின் பலர் தாங்கள் இங்கேயே பிறந்தவர்கள் என்று சொல்லிக் குடியுரிமை பெற்றார்கள். ஊரிலிருந்த பிறர் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாகக் காட்டி வரவழைத்தார்கள். 'காகிதப் பிள்ளைகள்' என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க, 1910-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் திறந்த ஏஞ்சல் தீவுக் குடியேற்ற நிலையத்தில் அதிகாரிகள் கேட்ட கேள்விகள் இப்படி இருந்தன: உன் வீட்டுக்கு எத்தனை படி? அரிசி வைக்கும் இடம் எது? உங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்? சொல்லும் பதில் தகப்பன் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும். வந்தவர்கள் விடைத்தாள்களை மனப்பாடம் செய்துவிட்டு, கரை சேரும் முன் கடலில் எறிந்தார்கள். சொந்த மகனும் மனப்பாடம் செய்யாமல் தப்ப முடியவில்லை. தன் வீட்டுப் படியை எண்ணி வைத்திருப்பவர் யார்? ஆகவே இந்த விசாரணைகளை எழுதி வைத்த கோப்புகளில் மெய்யும் பொய்யும் ஒரே குரலில் பேசுகின்றன. அரசு முத்திரை இருப்பதாலேயே அவற்றை நம்பிவிட முடியாது.

அதே தீவில், ஆண்கள் அடைபட்டிருந்த மரக் கட்டடத்தின் சுவர்கள் நிறையக் கவிதைகள் இருக்கின்றன. முதலில் தூரிகையால் எழுதினார்கள், பிறகு கத்தியால் செதுக்கினார்கள். நிர்வாகம் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தது. வருடங்கள் போகப் போகப் பட்டி சுருங்கி, வெட்டிய எழுத்து மறுபடி மேலே தெரிந்தது. இடிக்கப்படவிருந்த அந்தக் கட்டடத்தில் 1970-இல் அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் அவற்றைக் கவனித்து வெளியே சொன்னார். 1980-இல் ஹிம் மார்க் லாய், ஜென்னி லிம், ஜூடி யுங் மூவரும் அவற்றை மொழிபெயர்த்து நூலாக்கினார்கள். கவிதையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி நியாயமானது. பல கவிதைகளில் ஆசிரியர் பெயர் இல்லை. பழஞ்சீன யாப்பும் பழங்கதை நாயகர்களும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். மரபில் பழகிப்போன சோகத்தை ஒரு தனி மனிதனின் துயரமாகக் கொள்வது அவசரம்தான். ஆனால் விசாரணைக் கோப்பும் வார்ப்பில் அடித்த பேச்சுதான். படி எத்தனை என்று சொன்னவன் அதிகாரி கேட்க விரும்பியதைச் சொன்னான். சுவரில் செதுக்கியவன் அடுத்து அந்தக் கட்டிலில் படுக்கப்போகும் தன் நாட்டானுக்காக எழுதினான். யாரை நோக்கிய பேச்சு என்பதை அறிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

சினிமாவும் இந்தக் கோப்புகளுக்கு வெகு தூரத்தில் இல்லை. சீன உழவர் குடும்பத்தின் கதையான 'தி குட் எர்த்' 1937-இல் வெளிவந்தபோது நாயகன் பால் முனி, நாயகி லூயிஸ் ரெய்னர். இருவரும் ஐரோப்பிய வம்சாவளியினர். ரெய்னருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்த வேடத்துக்கு ஆசைப்பட்ட ஆன்னா மே வாங் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த அமெரிக்கப் பிரஜை. வெவ்வேறு இனத்தவரிடையே காதலைத் திரையில் காட்டக் கூடாது என்று ஹாலிவுட்டின் தணிக்கை விதி சொன்ன காலம் அது. வெளிநாடு போய்த் திரும்ப அவரும் குடியேற்றத் துறையில் மனுச் செய்ய வேண்டியிருந்தது. அவர் பெயரிலும் கோப்பு உண்டு. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு நடிகர் தேர்வு ஒரு ஸ்டூடியோவின் தீர்மானமாகத் தெரியும். கோப்பையும் பார்த்தவருக்கு அது 1882 சட்டத்தின் நிழலில் நடந்தது என்பது புரியும்.

1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் தொடங்கி மாதக்கணக்கில் நடத்திய போராட்டத்தில்தான், துறைகளைப் பிரிக்காமல் இனக் குழுக்களின் கதையைப் படிக்கும் இத்தகைய படிப்புக்குத் தனிப் பிரிவே கிடைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை கேட்கும் குற்றச்சாட்டு, இது நாட்டைக் கூறுபோடுகிறது என்பது. ஒவ்வொரு குழுவும் தன் காயத்தை மட்டும் படித்தால் பொதுக் கதை இல்லாமல் போகும் என்ற கவலையை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் கூறுபோட்டது வகுப்பறை அல்ல. சட்டப் புத்தகத்தில் சீனர் என்று பெயர் சொல்லிக் கதவடைத்தது நாடாளுமன்றம். 1943-இல் அதை நீக்கியபோதும் ஆண்டுக்கு 105 பேர் என்றுதான் இடம் கொடுத்தது. ஏஞ்சல் தீவில் பஞ்சாபிகளும் காத்துக் கிடந்தார்கள், ஜப்பானியரும் கிடந்தார்கள். ஒரு குழுவின் கதையை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினாலே அடுத்த குழுவின் கதைக்குள் போக வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் நிரம்பாத இடங்களும் உண்டு. தீவில் பெண்களை நிர்வாகக் கட்டடத்தில் தங்க வைத்திருந்தார்கள். 1940 ஆகஸ்டில் அந்தக் கட்டடம் எரிந்தது. அவர்கள் சுவரில் எதையாவது எழுதியிருந்தால் அது தீயோடு போயிற்று. விசாரணைக் கோப்புகள் மட்டும் சான் புரூனோவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் அந்தப் பெண்கள் படிகளை எண்ணிச் சொல்கிறார்கள், அரிசி எங்கே இருந்தது என்று சொல்கிறார்கள்.