வீட்டுக் கணினியும் விளையாட்டின் குரலும்

காசு போட்டு ஆடும் மின்விளையாட்டுப் பொறிகள் வீட்டுக் கணினிக்குள் புகுந்த வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் படத்தைப் பற்றியே பேசுவர்; ஒலியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயின், அவ்வரலாற்றில் சிங்கப்பூருக்கு ஓர் இடம் வாய்த்தது ஒலியினாலேயாம்.

1978ஆம் ஆண்டு ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. வேற்றுலகப் பகைவர் 55 பேர் ஐந்து வரிசையாக மேலிருந்து இறங்கி வருவர். ஆடுபவர் கீழிருந்து அவர்களைச் சுட்டு வீழ்த்தல் வேண்டும். நான்கு தாழ்ந்த ஒலிகள் தாளம்போல் மாறிமாறி முழங்கும். பகைவர் குறையக் குறைய அவர் நடை விரையும்; தாளமும் உடன் விரையும். ஆடுபவர் நெஞ்சைப் படபடக்கச் செய்தது அத்தாளமன்றோ? அவ்வொலிகளை எழுப்புதற்கென்றே அப்பொறியில் தனி மின்சுற்றுகள் இருந்தன. ஒரே ஒரு விளையாட்டுக்காகச் செய்த பொறி அது.

வீட்டுக் கணினியோ எல்லா வேலைக்கும் பொதுவானது. கணக்குப் போடும் பொறியில் இசைக்கு யார் இடம் வைப்பர்? 1977இல் வந்த 'ஆப்பிள் 2' கணினியில் ஒரு சிறு ஒலிபெருக்கி மட்டுமே இருந்தது. அதனைத் தட்டித் தட்டி ஒலி எழுப்பும் வேலையும் செயலியின் தலையிலேயே விழுந்தது. அந்நேரத்தில் படத்தை நகர்த்த அதற்கு ஓய்வில்லை. தாளம் போடுபவனே மேடையில் ஆடவும் வேண்டுமென்றால் ஆட்டம் என்னாகும்? 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியில் இத்தொல்லை சிறிது குறைந்தது. எனினும் அதன் ஒலிபெருக்கிக்கு ஒரு நேரத்தில் ஒரே சுரந்தான். செய்யுளை உரைநடையாக்கியது போல, விளையாட்டின் பொருள் வீடு வந்தது; ஓசை வரவில்லை.

அதே 1981இல், சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் சிம் வோங் ஹூ என்பவர் தம் நண்பர் இங் காய் வாவுடன் ஒரு சிறு கடை தொடங்கினார். கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தின் பிறப்பிடம் அது. அக்கட்டடம் இன்று இல்லை. சிம், நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர். இளமையில் மௌத் ஆர்கன் வாசித்துப் பழகியவர். கணினி பேசவும் பாடவும் வேண்டுமென்பது அவர் ஆசை. 1986இல் அவர் செய்த 'கியூபிக் சிடி' கணினி விற்பனையில் தோற்றது. அவர் சோர்ந்தாரில்லை. முழுக் கணினியை விடுத்து, பிறர் கணினியில் செருகும் ஒலியட்டையில் கருத்தைச் செலுத்தினார். 1987இல் பன்னிரண்டு குரல் கொண்ட அட்டையும், 1989இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையும் வந்தன.

சவுண்ட் பிளாஸ்டரின் இசைச் சில்லு புதிதன்று. யமாஹா நிறுவனத்தின் அதே சில்லைக் கனடாவின் ஆட்லிப் அட்டை முன்னரே கொண்டிருந்தது. சிம் கூட்டியவை இரண்டு: ஒன்று, பதிவு செய்த ஒலியை அப்படியே திருப்பித் தரும் ஆற்றல், மற்றொன்று, விளையாட்டுப் பிடியை இணைக்கும் துளை. கடைப்பொறியின் குரலும் கைப்பிடியும் ஒரே அட்டையில் அமைந்துவிட்டன! இரண்டாவதை ஆராய்ச்சியாளர் அதிகம் பாராட்டுவதில்லை. வாங்கியவர்க்கோ அது தனிச்செலவை மிச்சப்படுத்திற்று.

தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைக் கடந்தால், 1987இல் கட்டி முடித்த சிம் லிம் ஸ்கொயர். கணினி உறுப்புகளுக்குப் பேர்பெற்ற அக்கட்டடத்தில் சிங்கப்பூரின் அட்டையைச் சிங்கப்பூரரே விலைபேசி வாங்கினர். 1992இல் கிரியேட்டிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. சிம் 2023 ஜனவரியில் காலமானார்.

1997இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா, பழைய பொறிகளைக் கணினியில் அவ்வாறே இயக்கும் 'மேம்' என்னும் நிரலை வெளியிட்டார். 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பொறியின் ஒலிச்சுற்றுகளைக் கணக்கிட்டு இயக்குதல் அந்நாளில் அரிதாக இருந்தது. ஆகவே பதிவு செய்து வைத்த ஒலிகளையே துணைக்கொண்டனர். பழைய தாளம் ஒலியட்டையின் வழியே வீட்டில் முழங்கிற்று.