மாலாவும் மாலையும்: பாங்காக் பூச்சந்தையில் கேட்ட இரு சொற்கள்

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கிற்காகப் பாங்காக் சென்றிருந்தபோது, பாக் க்ளோங் தலாட் என்னும் புகழ்பெற்ற பூச்சந்தையை நள்ளிரவில் சுற்றிப் பார்த்தேன். 'கால்வாய் வாயில் உள்ள சந்தை' என்பது அப்பெயரின் பொருள். சாவோ பிரயா ஆற்றங்கரையில், 1932இல் திறக்கப்பட்ட நினைவுப் பாலத்தை அடுத்து அது அமைந்துள்ளது. படகுச் சந்தையாகத் தொடங்கி, மீன் சந்தையாகி, பின்னர் காய்கறிக்கும் பூவுக்கும் இடமளித்தது. 2016இல் நடைபாதைக் கடைகள் அகற்றப்பட்டன. ஆயினும் இரவெல்லாம் வணிகம் தொடர்கிறது.

பனிக்கட்டியின்மேல் குவிந்திருந்த வெண்ணிற மொட்டுகளைச் சுட்டிப் பெயர் கேட்டேன். 'மலி' என்றார் கடைக்கார அம்மையார். கோத்து வைத்திருந்த சரத்தைக் காட்டினேன். 'புவாங் மாலை' என்றார். மல்லியும் மாலையும்! 'சயாமில் பூத்த தமிழ்' என்று தலைப்பிட்டு அன்றிரவே ஒரு பதிவை எழுதத் தொடங்கினேன். நல்லவேளையாக வெளியிடவில்லை. அதற்கான காரணத்தையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் 'மலி'. தமிழில் மல்லிகை, வடமொழியிலும் பாலியிலும் மல்லிகா. தேரவாத பௌத்த நாடான தாய்லாந்து, பாலி, வடமொழிச் சொற்களை ஏராளமாக ஏற்றுக்கொண்டது. திக்லிபூரில் எங்கள் அண்டை வீட்டு வங்காளிகளின் மொழியிலும் மல்லிகா உண்டு. ஆகவே 'மலி' பாங்காக் சென்று சேரத் தமிழ்க் கப்பல் தேவையில்லை. அதைத் தமிழின் நேரடிக் கொடை என்று காட்டச் சான்று போதாது.

'மாலை'யின் கதை வேறு. 1950களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் குடியமர்த்தப்பட்ட ஊர் திக்லிபூர். அங்குள்ள கடைத்தெருவில் வங்காளி 'மாலா' என்பார், தமிழர் 'மாலை' என்பார். இரண்டையும் கேட்டு வளர்ந்த செவிக்கு ஈற்றொலியின் வேறுபாடு உடனே புலப்படும். வடமொழியின் ஆகார ஈறு தமிழில் ஐகாரமாவது பொது விதி: சபா சபையாகும், கலா கலையாகும். தாய்லாந்து மொழியில் இரு வடிவங்களும் உள்ளன. 'மாலா' இலக்கிய வழக்கிலும் அரச வழக்கிலும் பூவையும் தொப்பியையும் குறிக்கும். 'மாலை' சந்தையில் வாழ்கிறது. பாலியும் வடமொழியும் மட்டுமே மூலமெனில் இரண்டாவது வடிவத்திற்கு விளக்கம் தேவைப்படுகிறது. அந்நாட்டு அறிஞர்கள் இதைத் தமிழ் மாலையுடன் ஒப்பிடுவது இதனால்தான்.

ஆனால் ஓர் ஈற்றொலி மட்டும் வரலாறாகிவிடாது. சொல்லைச் சுமந்து சென்ற மனிதர்களையும் காட்ட வேண்டும். அவர்களுக்குச் சான்று உண்டு. அந்தமான் கடலின் மறுகரையில் உள்ள தக்குவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தையும் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. பாங்காக்கிலேயே, பூச்சந்தையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், 1784இல் எழுந்த தேவஸ்தானம் என்னும் பிராமணர் கோயிலும் அதன்முன் பேரூஞ்சலும் உள்ளன. ஊஞ்சல் ஆட்டம் 1935இல் நின்றது. அவ்விழாவின் பெயரான 'திரியம்பவாய்' நம் திருவெம்பாவையே என்பர். வணிகரும் பூசகரும் சென்ற வழியில் 'மாலை'யும் சென்றிருக்கலாம் என்பது பொருத்தமான ஊகம். ஆயினும் அது ஊகமே. 'மாலை' என்ற சொல்லை அந்தக் கல்வெட்டு பேசவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். நாம் பூவை நாரிலோ நூலிலோ வைத்து விரலால் கட்டுகிறோம். அங்கே நீண்ட ஊசியில் மொட்டுகளை வரிசையாகக் கோக்கிறார்கள். வடிவமும் வேலைப்பாடும் முற்றிலும் அவர்களுடையவை. கார் ஓட்டுநர் பிடித்துத் திருப்பும் சக்கரத்திற்கும் அங்கே 'புவாங் மாலை' என்றே பெயர். கடன் வாங்கிய சொல்லை ஒரு சமூகம் தன் தேவைக்கேற்ப எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

'எல்லாம் தமிழே' என்னும் பதிவுகள் ஆயிரக்கணக்கில் பகிரப்படுகின்றன. அவற்றால் நேரும் தீங்கு வெறும் மிகை மட்டுமன்று. 'மலி'யையும் 'மாலை'யையும் ஒரே தட்டில் வைத்தால், முதல் சொல்லின் வழக்கு தோற்கும் நாளில் இரண்டாவதும் சேர்ந்து தள்ளுபடியாகும். வலுவான சான்றைக் காப்பாற்ற, வலுவற்றதை நாமே முதலில் விலக்க வேண்டும்.

சென்னை, திக்லிபூர், பாங்காக் ஆகிய மூன்றும் ஏறத்தாழ 13ஆவது வட அட்சரேகையை ஒட்டியே உள்ளன. வரைபடத்தில் அவற்றை ஒரே கோட்டால் இணைத்துவிடலாம். சொற்களின் வரலாற்றை அப்படி அளவுகோல் வைத்து இழுக்க முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் வழியைத் தனியே தேட வேண்டும். திருத்தங்களை வரவேற்கிறேன்.